வேளாண்மைக்கும் இயற்கை வளத்துக்கும் சேர்த்து ஒரே ஆராய்ச்சிக் கட்டடம்: வரைபடத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

வேர்முடிச்சு:

வணக்கம். எங்கள் பல்கலைக்கழகத்தில் மண்ணியல், பயிர் நோயியல், வனவியல், மீன்வளம், நீர்வளம் என்று ஐந்து துறைகள் ஐந்து பழைய கட்டடங்களில் சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஐந்து மாடியில் ஓர் ஆராய்ச்சிக் கட்டடம் வரப்போகிறது. பயனர் குழுவில் என்னையும் போட்டுவிட்டார்கள். நான் மண் நுண்ணுயிரியல்காரி, கட்டட வரைபடம் படித்துப் பழக்கமில்லை.

முதல் வரைபடம் கைக்கு வந்திருக்கிறது. நடுவில் கூரைவரை திறந்த கண்ணாடி முற்றம். இரண்டாம், மூன்றாம் மாடிகளில் சுவரில்லாத பொது ஆய்வகம். நான்காம் மாடியில் மீன் தொட்டிகள். மொட்டை மாடியில் பசுமைக்குடில். அடித்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், "மாதிரி தயாரிப்பு" என்று சிறியதாக ஓர் அறை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஏதோ உறுத்துகிறது, எது என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் எழுத்தில் கருத்துக் கொடுக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

களிமண்:

உறுத்துவது அந்த அடித்தள அறைதான் மேடம்.

மண் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வரைபடத்தில் அறைகளைப் பார்க்காதீர்கள். ஒரு மண் மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலிருந்து கடைசிவரை நடந்து பாருங்கள். வயலிலிருந்து வண்டி வருகிறது. ஈர மண், பை பையாக, வெளியில் சேறு அப்பியபடி. எங்கே இறக்குவார்கள்? கண்ணாடி முற்றத்தின் வழியாகவா? இறக்கியதும் எடை போட்டு, எண் எழுதி, தட்டில் பரப்பி, 40 டிகிரி செல்சியஸுக்கு மிகாமல் உலர்த்த வேண்டும். அதற்கே ஓர் அறை வேண்டும். உலர்ந்ததை இடித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்க வேண்டும். அப்போது கிளம்பும் தூசியை உறிஞ்ச மேஜைக்கு மேஜை இழுவைக் குழாய் வேண்டும். பயிர்த் தழையை அரைக்கும் மில் இன்னொரு அறையில். வேர் கழுவும் இடம் வேறு. சலித்ததில் பாதி ஆய்வுக்கு மேலே போகும், மீதி ஜாடியில் அடைத்துக் கிடங்குக்குப் போகும்.

இத்தனையும் நடக்கும் இடம் உங்கள் வரைபடத்தில் ஓர் ஓரத்து அறை! தரைத்தளத்தில், சரக்கு இறக்கும் வாசலை ஒட்டி இருக்க வேண்டியது அது. துணி துவைக்கும் அளவு பெரிய சிங்க் வேண்டும். சிங்க்குக்குக் கீழே சேறு தங்கும் படிவுத் தொட்டி வேண்டும். சாதாரண சாக்கடைக் குழாயில் மண்ணைக் கழுவிவிட்டால் சில மாதத்தில் அடைத்துக்கொள்ளும். பிறகு தரையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

சின்ன விஷயம் இன்னொன்று. மண்ணில் துத்தநாகம், தாமிரம் பார்ப்பவர்கள் இருந்தால் அந்த அறையில் துத்தநாகப் பூச்சுள்ள தகடு எதுவும் மாதிரிக்கு மேலே வரக் கூடாது. பித்தளைச் சல்லடையும் கூடாது, அதில் இருப்பதே தாமிரமும் துத்தநாகமும்தான். மண்ணில் பயிர் எடுக்கக்கூடிய துத்தநாகம் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே இருந்தாலே பற்றாக்குறை என்று பேசுகிறோம். ரப்பர் மூடியிலிருந்துகூட அந்த அளவு வந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு அல்லது நைலான் சல்லடை, மாதிரி பரப்பும் மேஜைக்கு மேலே பூச்சு உதிராத குழாய். வரைபடத்தோடு சேர்த்து விவரக்குறிப்பிலும் இதை எழுதச் சொல்லுங்கள்.

வரைகோடு:

கட்டடக் கலைஞர் தரப்பிலிருந்து ஒருவராவது பேச வேண்டும் அல்லவா!

முற்றத்தை எல்லோரும் திட்டுவீர்கள் என்று தெரியும். ஐந்து துறைகளை ஒரே இடத்தில் வைப்பதன் நோக்கமே அவர்கள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும் என்பதுதான். நோயியல்காரரும் நீர்வளத்துக்காரரும் படிக்கட்டில் சந்திக்காவிட்டால் ஐந்து கட்டடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதாகத்தான் இருக்கும். முற்றம் நடுப்பகுதிக்கு வெளிச்சமும் தரும்.

களிமண் சொன்ன "மாதிரியோடு நடந்து பார்" என்பதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் பயனர் குழுக்கள் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. "எனக்கு இத்தனை மேஜை, இத்தனை அலமாரி, ஜன்னல் ஓரம் அறை" என்ற பட்டியலோடுதான் வருகிறார்கள். அவை எல்லாம் பின்னால் மாற்றக்கூடியவை. மாற்ற முடியாதவை சில உண்டு, இப்போது அவற்றைக் கேளுங்கள். தூண்களின் இடைவெளி ஆய்வக அளவுக்கு ஒத்துவருகிறதா? ஒரு மேஜை வரிசை, நடைவழி, மறு வரிசை சேர்த்து ஏறக்குறைய 3.3 மீட்டர் என்பது பல நாடுகளில் பழகிப்போன அளவு. தளத்துக்குத் தளம் 4.5 மீட்டராவது இருக்கிறதா? காற்றுக் குழாய்கள் மேலே ஏறும் செங்குத்துக் குழி எத்தனை, அதில் காலியிடம் விட்டிருக்கிறார்களா? கட்டடக் கலைஞர் லூயி கான் 1965-இல் கலிஃபோர்னியாவில் முடித்த சால்க் ஆய்வு நிலையத்தில் ஆய்வகத் தளங்களுக்கு இடையே குழாய்களுக்கென்றே ஆள் நடமாடும் உயரத்தில் தனித் தளம் விட்டார். அதனால்தான் அறுபது வருடம் கழித்தும் ஆய்வகத்தை மூடாமலே குழாய் மாற்ற முடிகிறது. எல்லோருக்கும் அந்த வசதி கிடைக்காது. அந்தச் சிந்தனையை வைத்துக்கொள்ளலாம்.

அரும்பு:

நான் ஆராய்ச்சி மாணவி. பொது ஆய்வகம் பற்றி யாரும் மாணவர்களைக் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

நான் முன்பு இருந்த இடத்தில் சுவரில்லாத பெரிய ஆய்வகம். பேச்சுத் துணைக்கு நல்லது, உதவி உடனே கிடைக்கும், அதெல்லாம் உண்மை. ஆனால் எங்கள் குழு நைட்ரஜன்-15 என்ற சற்றே கனமான நைட்ரஜன் ஐசோடோப்பைக் கொண்டு வேலை செய்தது. இயற்கையில் நைட்ரஜனில் 0.37 சதவீதம்தான் அந்த ஐசோடோப்பு. எங்கள் உரக் கரைசலில் அது பல மடங்கு செறிவூட்டப்பட்டிருந்தது. மூன்று மேஜை தள்ளி இன்னொரு குழு இயற்கை அளவிலேயே, ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைத் தேடிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே தழை அரைக்கும் மில், ஒரே உலர்ப்பான், ஒரே தராசு. விளைவு என்ன என்று சொல்ல வேண்டுமா? அவர்களுடைய ஒரு பருவத்துத் தரவு முழுதும் சந்தேகத்துக்கு உள்ளானது. யார் செய்தது என்று தெரியாததால் ஆறு மாதம் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. படிக்கட்டில் சந்தித்துக்கொண்டுதான் இருந்தோம், வரைகோடு சார்.

வரைகோடு:

வலிக்கிறது :) ஆனால் அது சுவர் இல்லாத குற்றமா, மில் ஒன்றே இருந்த குற்றமா?

களிமண்:

இரண்டும்தான். அரும்பு சொல்வது மிக முக்கியம். வேளாண்மையில் "மிக அதிகம்" கையாள்பவரும் "மிகக் குறைவு" அளப்பவரும் ஒரே துறையில் இருப்பார்கள். பூச்சிக்கொல்லி தெளித்துவிட்டு வரும் ஆளும், நூறு கோடியில் ஒரு பங்கு எச்சம் தேடும் ஆளும் ஒரே கதவில் நுழைந்தால் அளவீடு எப்படி உருப்படும்? உர மூட்டை கிடங்கும் நைட்ரேட் அளக்கும் அறையும் அப்படித்தான். வேர்முடிச்சு மேடம், ஐந்து துறைகளின் பெயரில் தளம் பிரிக்காமல், செறிவு அதிகம், செறிவு குறைவு என்று பிரித்துப் பாருங்கள். எந்தத் துறை எந்த மாடி என்ற சண்டையும் பாதி குறையும்.

குழாய்க்காரன்:

காற்று, குளிர், மின்சாரம் பக்கத்து ஆள் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகக் கட்டடத்தின் உடம்பில் பாதி காற்றுக் குழாய். காரணம் எளிது. அலுவலகத்தில் அறைக் காற்றைக் குளிரூட்டித் திரும்பத் திரும்பச் சுற்றவிடலாம். வேதிப்பொருள் புழங்கும் அறையில் அது கூடாது. வெளிக்காற்றை எடுத்து, பதப்படுத்தி, ஒரு முறை அறைக்குள் விட்டு, அப்படியே வெளியே தள்ள வேண்டும்.

ஒரு ஃபியூம் ஹூட்டையே, அதாவது வேதி ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் பெட்டியையே, கணக்குப் போடுவோம். கண்ணாடிக் கதவு அகலம் ஒன்றரை மீட்டர், திறந்த உயரம் 45 சென்டிமீட்டர். அந்தத் திறப்பில் காற்று வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் ஆவி உங்கள் முகத்துக்கு வரும். பெருக்கினால் வினாடிக்கு 0.34 கன மீட்டர். மணிக்கு 1,200 கன மீட்டருக்கு மேல். இருபது சதுர மீட்டர் அறை ஒன்றின் முழுக் காற்றும் மூன்று நிமிடத்தில் காலி. இரவும் பகலும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆகவே "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒவ்வொருவரும் கேட்கும் ஹூட் எல்லாம் கட்டடம் நிற்கும்வரை மின்கட்டணத்தில் வந்து நிற்கும். கதவை இறக்கினால் காற்று தானாகக் குறையும் வகை கட்டாயம் வேண்டும். இறக்கிவிடும் பழக்கம் உங்கள் மாணவர்களுக்கு வேண்டும்.

அடுத்து பெர்குளோரிக் அமிலம். தழை, மண் கரைக்க இதைப் பயன்படுத்தும் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். இதன் ஆவி குழாய்க்குள் படிந்து உப்பாகும், காய்ந்தால் தட்டினாலே வெடிக்கக்கூடியது. அதற்குத் தனி ஹூட், தனிக் குழாய், தனி விசிறி, உள்ளே தண்ணீர் தெளித்துக் கழுவும் அமைப்பு எல்லாம் வேண்டும். வேறு எந்த ஹூட்டின் குழாயோடும் சேர்க்கவே கூடாது. உங்கள் குழுவில் யாருக்காவது தேவையா என்று இன்றே கேளுங்கள். கட்டி முடித்தபின் சேர்ப்பது பெரும்பாடு. தேவையில்லை என்றால் அந்த அமிலத்தைக் கட்டடத்துக்குள் அனுமதிப்பதில்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மைனஸ் 80 ஃப்ரீசர்கள். பழைய ரகம் ஒன்று நாளுக்கு 20 யூனிட் மின்சாரம் இழுக்கும். இழுப்பது எல்லாம் வெப்பமாக அதே அறையில்தான் கொட்டும். நடைவழியில் வரிசையாக வைத்துவிட்டு நடைவழி ஏன் கொதிக்கிறது என்று கேட்பார்கள். ஐந்து துறைக்கும் பொதுவாக ஒரே ஃப்ரீசர் அறை, தனிக் குளிரூட்டல், ஜெனரேட்டர் இணைப்பு, இரவில் கைபேசிக்கு வரும் எச்சரிக்கை மணி. மைனஸ் 70-இல் வைத்தாலே பெரும்பாலான மாதிரிகளுக்குப் போதும், மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள், வரட்டும்.

கடைசியாக அந்த ஜெனரேட்டர். புகைபோக்கி எங்கே போகிறது என்று பார்த்தீர்களா? மொட்டை மாடிக்குத்தான் போகும். அங்கே பசுமைக்குடில் இருக்கிறது. எரிபொருள் புகையில் எத்திலீன் இருக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 0.1 பங்கு எத்திலீன் இருந்தாலே தக்காளி இலை கீழே வளைந்து தொங்கும், பூ உதிரும். மாணவர்கள் வைரஸ் நோய் என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

வேர்முடிச்சு:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. களிமண் அண்ணா, மாதிரியோடு நடந்து பார்த்தேன். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து அடித்தள அறைக்குப் போக முற்றத்தைக் குறுக்கே கடந்து, பொது மின்தூக்கியில் இறங்க வேண்டும். ஆட்கள் தேநீர்க் கோப்பையோடு ஏறும் அதே மின்தூக்கி.

குழாய்க்காரன் சார், பெர்குளோரிக் பயன்படுத்துபவர் ஒருவர் இருக்கிறார். மூத்த பேராசிரியர். மாற்றச் சொன்னால் மாற்றுவாரா தெரியாது.

குழாய்க்காரன்:

நைட்ரிக் அமிலத்தோடு, மாதிரியைச் சூட்டில் கரைக்கும் மைக்ரோவேவ் செரிப்பான் இருந்தால் பெரும்பாலான தழை மாதிரிகளுக்கு அது போதும். அவருடைய பழைய தரவோடு ஒப்பிடக் கொஞ்ச நாள் இரண்டையும் இணையாகச் செய்ய விடுங்கள். தனி ஹூட்டும் குழாயும் கூரைவரை எவ்வளவு இடம் சாப்பிடும் என்ற வரைபடத்தைக் காட்டினாலே பாதி வழிக்கு வருவார்.

நீரோட்டம்:

நான்காம் மாடியில் மீன் தொட்டியா? யார் யோசனை அது?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் ஒரு டன். சாதாரண ஆய்வகத் தளம் சதுர மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ தாங்கும்படிதான் கணக்குப் போடுவார்கள். தூணும் தளமும் தடிமனாகும், செலவு ஏறும். அதைக் கூடச் சமாளிக்கலாம். கசிவு? கீழே மூன்றாம் மாடியில் யாருடைய நிறமாலைமானி இருக்கிறதோ அவரிடம் கேளுங்கள். தொட்டி என்றால் தரைத்தளம், சாய்வான தரை, நிறைய வடிகால், தரையிலிருந்து உயர்த்திய மின் இணைப்புகள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மீனுக்கு ஆகாது, அதை நீக்கும் அமைப்புக்கும் இடம் வேண்டும். மின்சாரம் போனால் நெருக்கமாக வளர்க்கும் தொட்டியில் ஆக்சிஜன் சில நிமிடங்களிலேயே இறங்க ஆரம்பிக்கும். ஃப்ரீசர் மாதிரி பல மணி நேரம் தாங்காது. ஜெனரேட்டர் வரிசையில் காற்றூட்டும் பம்புதான் முதலில் இருக்க வேண்டும்.

நீர்வளத்துக்காரர்கள் பாதரசம் அளப்பார்களா? அதற்குத் தூய அறை வேண்டும். லிட்டருக்கு நானோகிராம் அளவு தேடும் வேலை அது. பாதரசக் கலவையால் பல் அடைத்தவர் விடும் மூச்சுகூட மாதிரியைக் கெடுக்கும் என்று கையேடுகளே எச்சரிக்கின்றன. களிமண் சொன்ன அதிகம்/குறைவு பிரிவினையில் இவர்கள் குறைவின் உச்சி.

வளையம்:

வனவியலிலிருந்து இரண்டு வார்த்தை.

மர வளையம் பார்க்கிறோம் என்றால் எல்லோரும் நுண்ணோக்கியை நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் மரத்துண்டைப் பட்டறையில் அறுத்து, உப்புத்தாளால் மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். அந்த மரத்தூசி காற்றில் மிதந்தால் பொறி பட்டு வெடிக்கக்கூடியது, மூச்சுக்கும் கேடு. தானியத் தூசிக்கும் இதே குணம். தூசி சேகரிப்பான் கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அதிர்வும் உண்டு. நல்ல நுண்ணோக்கிகளுக்கும் நுண்தராசுகளுக்கும் தள அதிர்வு வினாடிக்கு 50 மைக்ரோமீட்டருக்குக் கீழே, மின்னணு நுண்ணோக்கி என்றால் இன்னும் பல மடங்கு கீழே இருக்க வேண்டும் என்பது கட்டமைப்புப் பொறியாளர்கள் வைத்திருக்கும் வரம்பு. மேலே நடைவழி, பக்கத்தில் மண் ஆட்டும் குலுக்கி, கீழே ஜெனரேட்டர் என்று வைத்தால் அந்த வரம்பு எட்டாது. நேராக மண்ணில் அமர்ந்த தரைத்தளம்தான் அவற்றுக்கு நல்லது. ஆக தரைத்தளத்துக்கு எல்லோரும் போட்டி போடப் போகிறீர்கள், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்று: வனவியல் இருக்கிறதே, மரத்தாலேயே கட்டலாம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நல்ல யோசனைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் வனவியல் கட்டடத்தில் 2018-இல், கட்டிக்கொண்டிருக்கும்போதே, குறுக்கடுக்கு மரப்பலகை (மர அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது) ஒன்று ஒட்டு பிரிந்து கீழ்த் தளத்தில் விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒட்டு சரியாகப் பிடிக்காத வேறு பலகைகளையும் கண்டுபிடித்து மாற்றி, 2020-இல் திறந்தார்கள். மரம் வேண்டாம் என்பதற்காகச் சொல்லவில்லை. பலகைத் தரச் சோதனையை யார் செய்கிறார்கள் என்று கேளுங்கள், அவ்வளவுதான். ஐந்து மாடி ஈர ஆய்வகத்துக்கு நான் கான்கிரீட்டே கேட்பேன்.

அரும்பு:

கட்டடத்தின் நிழல் எங்கே விழுகிறது என்று யாரும் கேட்கவில்லையே! பக்கத்தில் சோதனை வயல் இருக்கிறதா அக்கா?

இலினாய் பல்கலைக்கழகத்தில் 1876-இல் தொடங்கிய மாரோ வயல்கள் வளாகத்தின் நடுவில் இருக்கின்றன. பக்கத்தில் நூலகம் கட்ட வேண்டி வந்தபோது மக்காச்சோளத்தின் மேல் நிழல் விழக் கூடாது என்று நூலகத்தையே பூமிக்கு அடியில் கட்டினார்கள். 1969-இல் திறந்தது, 2022 வரை நூலகமாக இயங்கியது.

வெளிச்சமும் அப்படியே. சோயா, செவ்வந்தி போன்ற குறும்பகல் தாவரங்களுக்கு நீண்ட இருட்டு வேண்டும். இரவின் நடுவே சில நிமிட வெளிச்சம் பட்டாலே பூப்பது தள்ளிப்போகும். பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பைக் கார்னரும் அல்லார்டும் 1920-லேயே எழுதிவிட்டார்கள். இரவு முழுக்க விளக்கெரியும் கண்ணாடி முற்றம் பசுமைக்குடிலுக்குப் பக்கத்தில் வந்தால் அந்தக் குடிலில் பூக்கும் காலம் பற்றிய சோதனை எதுவும் செய்ய முடியாது. துப்புரவுப் பணியாளர் சுவிட்சைப் போட்டாலே போச்சு.

வேர்முடிச்சு:

கிழக்கில் நீண்டகாலச் சோதனை வயல் இருக்கிறது. ஐயோ. காலை வெயில் முழுக்க அந்தப் பக்கத்திலிருந்துதான், ஆனால் பிற்பகலில் கட்டட நிழல் வயல் மேல் விழும் போலிருக்கிறது.

வரைகோடு:

நிழல் வரைபடம் கேளுங்கள். வருடத்தின் நான்கு நாட்களுக்கு, மணிக்கு மணி, கணினியில் எடுத்துவிடலாம். எந்த அலுவலகமும் மறுக்காது. கட்டடத்தைச் சில மீட்டர் நகர்த்துவது இப்போது ஒரு கோடு, அஸ்திவாரம் தோண்டியபின் முடியாது.

பசுமைக்குடில் மொட்டை மாடியில் வேண்டாம் என்பதை நானே இப்போது ஆதரிக்கிறேன். மண், தொட்டி, தண்ணீர் எல்லாம் மேலே போய்க் கீழே வர வேண்டும். தரையில், சரக்கு வாசலுக்குப் பக்கத்தில் வைத்தால் மாதிரி தயாரிப்பு அறையும் குடிலும் ஒரே வேலைக் களமாகிவிடும்.

விதைப்பெட்டி:

விதை வங்கி, ஹெர்பேரியம் (உலர்த்திய தாவரங்களின் தொகுப்பு), மண் ஜாடிக் கிடங்கு. இவற்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வழக்கம்தான்.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843-இல் தொடங்கிய பிராட்பால்க் கோதுமைச் சோதனையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதன் உண்மையான சொத்து அலமாரியில் இருக்கிறது. மண், தானியம், வைக்கோல் என்று அங்கே ஏறக்குறைய மூன்று லட்சம் மாதிரிகள். சேர்க்கத் தொடங்கியவர்களுக்கு டிஎன்ஏ என்றால் என்னவென்றே தெரியாது. 2000-களில் அதே கோதுமையிலிருந்து நோய்ப் பூஞ்சைகளின் டிஎன்ஏவைப் பிரித்து, எந்தக் காலத்தில் எந்த நோய் ஓங்கியது, அது காற்றில் இருந்த கந்தக மாசோடு எப்படி ஏறி இறங்கியது என்று காட்டினார்கள். கிடங்கு இல்லாவிட்டால் அந்த ஆய்வே இல்லை.

ஆகவே கிடங்குக்கு இடம் கேளுங்கள். இன்றைய அளவுக்குக் கேட்டால் போதாது, வருடா வருடம் வளரும் கணக்கில் கேளுங்கள். மண் ஜாடி கனம். நகரும் அலமாரி வைத்தால் சாதாரண தளம் தாங்காது, பொறியாளரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீர்க் குழாய் எதுவும் மேலே ஓடக் கூடாது. நார்வேயின் ஸ்வால்பார்டு விதைப் பெட்டகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்குள் மைனஸ் 18 டிகிரியில் 2008-இலிருந்து இயங்குவது. 2016-இல் மழையும் உருகிய பனியும் நுழைவுச் சுரங்கத்துக்குள் வந்துவிட்டன. விதைக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசலைத்தான் பிறகு திருத்தினார்கள்.

ஹெர்பேரியத்துக்கு ஒரு வழிப் பாதை. புதிய தாவரக் கட்டு எதுவும் நேராக அலமாரிக்குப் போகக் கூடாது. முதலில் மைனஸ் 20 ஃப்ரீசரில் சில நாள், அதன் பிறகு மறுபக்கக் கதவு. இல்லாவிட்டால் ஒரு கட்டில் வந்த வண்டு அலமாரி முழுக்கத் தின்றுவிடும். விதைக்கு ஈரப்பதமே எதிரி. ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது விதைக்காரர்களின் தோராயக் கணக்கு. அதனால் குளிர் அறைக்கு முன்னால் உலர்த்தும் அறை கட்டாயம்.

களிமண்:

விதைப்பெட்டி சொன்னதற்கு என் இரண்டு கைகளும் மேலே.

சரி, பொது ஆய்வகத்துக்கு வருவோம். நான் சுவர் வேண்டும் கட்சி. ஓல்சன் முறையில் மண்ணைக் கரைசலில் குலுக்கிப் பாஸ்பரஸ் எடுக்கிறோம், 1954-இலிருந்து இருக்கும் முறை. 25 டிகிரியில் அரைமணி நேரம் குலுக்க வேண்டும். வெப்பம் ஏறினால் பாஸ்பரஸ் கூடுதலாக வெளியே வரும். முற்றத்து வெயில் அடிக்கும் பொது ஆய்வகத்தில் காலையில் ஓர் எண், மதியம் ஓர் எண். விவசாயிக்கு எந்த எண்ணைச் சொல்வது?

வரைகோடு:

குலுக்கியைத் தனி அறையில் வைக்கலாம். எல்லாவற்றுக்கும் சுவர் எழுப்பினால் பத்து வருடத்தில் புதிதாக வரும் குழுவுக்கு இடம் இருக்காது. நான் முன்வைப்பது இது: சாதாரண மேஜை வேலை, கரைசல் தயாரிப்பு, டிஎன்ஏ வேலை இவை திறந்த இடத்தில். சூடு, தூசி, இரைச்சல், நாற்றம், தொற்று, அதிநுட்பம் இவை அந்தத் திறந்த இடத்தை ஒட்டிய தனி அறைகளில். தனி அறைகள் மாடிக்கு மாடி ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வர வேண்டும். அப்போதுதான் குழாய் நேராக ஏறும்.

களிமண்:

தனி அறைகளின் பரப்பு திறந்த இடத்துக்குச் சமமாக இருந்தால் ஒப்புக்கொள்கிறேன். வழக்கமாகக் கால் பங்குதான் தருகிறார்கள்.

குழாய்க்காரன்:

தனி அறைகளுக்கு அழுத்தம் மறக்காதீர்கள். திசு வளர்ப்பு அறையில் காற்று உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும், வெளித்தூசி நுழையக் கூடாது. நோய்க்கிருமி அறையில் நேர்மாறு, வெளியிலிருந்து உள்ளே இழுக்க வேண்டும். இரண்டும் ஒரே நடைவழியில் எதிரெதிராகக் கதவு திறந்தால் என்ன நடக்கும் என்று நோயியல்காரரையே கேளுங்கள். மண்ணை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி) போடும்போது 121 டிகிரியில் வழக்கமான 15 நிமிடம் போதாது, நடுவரை சூடு போக அதிக நேரம் பிடிக்கும், பல முறை போட வேண்டியும் வரும். ஆகவே மண்ணுக்குத் தனி ஆட்டோகிளேவ். நுண்ணுயிர் வளர்ப்பு ஊடகம் தயாரிக்கும் ஆட்டோகிளேவைச் சேறாக்கினால் சண்டை நிச்சயம்.

வேர்முடிச்சு:

கூட்டம் முடிந்தது. நிலவரம் சொல்கிறேன்.

மாதிரி தயாரிப்பு தரைத்தளத்துக்கு வந்துவிட்டது, சரக்கு வாசலை ஒட்டி, முன்பிருந்ததைப் போல் நான்கு மடங்கு. மீன் தொட்டிகளும் தரைக்கு இறங்கின. பசுமைக்குடில் மேற்கே தனியாக. முற்றம் இருக்கிறது, ஆனால் பாதியாகச் சுருங்கி, சரக்குப் பாதையைத் தொடாமல். நிழல் வரைபடம் கேட்டோம், கட்டடம் வயலைவிட்டுத் தள்ளிப் போகிறது. பெர்குளோரிக் பேராசிரியர் "பார்க்கலாம்" என்றார். அரும்பு, இரண்டு மில் அறைகளுக்கு ஒப்புதல் வாங்கிவிட்டேன், உன் கதையைச் சொல்லித்தான்.

ஆனால் நிதி அலுவலகம் பத்தில் ஒரு பங்கு வெட்டச் சொல்கிறது. எதை விடுவது?

வரைகோடு:

முடிப்பு வேலையை விடுங்கள். ஒரு மாடியை உள்வேலை எதுவும் செய்யாமல் வெறும் ஓடாக விட்டுவிட்டுப் பணம் வரும்போது ஆய்வகமாக்கலாம். உயரம், தூண் இடைவெளி, தளத்தின் தாங்கும் திறன், செங்குத்துக் குழி, இவற்றில் கை வைக்க விடாதீர்கள்.

குழாய்க்காரன்:

ஹூட் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒவ்வொரு ஹூட்டுக்கும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று துறைகளிடம் எழுதி வாங்குங்கள். பாதி தானாக உதிரும். குறைத்தாலும் குழியில் அவற்றுக்கான காலியிடம் அப்படியே இருக்கட்டும்.

விதைப்பெட்டி:

கிடங்கைத் தொடாதீர்கள். முதலில் அங்கேதான் கை வைப்பார்கள்.

வேர்முடிச்சு:

வைத்தார்கள். விடவில்லை. ஐந்தாம் மாடியை வெறும் ஓடாக விட ஒப்புக்கொண்டோம், ஹூட் கணக்கும் துறைகளுக்குப் போயிருக்கிறது.

களிமண்:

ஒன்றே ஒன்று. அந்தப் படிவுத் தொட்டி. வரைபடத்தில் அது எங்கே இருக்கிறது, மூடியைத் திறக்க மேலே எவ்வளவு உயரம் இருக்கிறது என்று பாருங்கள். சிங்க்குக்கு அடியில் மூலையில் செருகியிருந்தால் யாரும் துப்புரவு செய்ய மாட்டார்கள். வெளிச் சுவரை ஒட்டி, வெளியிலிருந்தே திறந்து, தள்ளுவண்டியில் சேற்றை அள்ளிப் போகும்படி இருக்க வேண்டும்.

வேர்முடிச்சு:

பார்த்தேன். மூலையில்தான் செருகியிருக்கிறார்கள். நாளைக்கே எழுதிவிடுகிறேன்.